பச்சை மங்குகிற வரைக்கும்

எங்கள் கல்லூரியில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் முதலில் பிளெஸ்ஸியிடம்தான் போவார்கள். மாட்டேன் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வராது. ஒருவர் வந்து ஸ்கூட்டியைக் கேட்பார், சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவாள். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்து அதே ஸ்கூட்டியைக் கேட்பார். முதல் ஆளுக்குப் போன் போட்டு, கெஞ்சித் திரும்ப வாங்கி, இரண்டாவது ஆளுக்குக் கொடுப்பாள். சாயங்காலம் இவள் வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவாள். பார்க்கிற எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"ஏண்டி, ஒன் வண்டிதானே அது? இல்லைன்னு சொன்னா வாயில இருக்குற முத்து கொட்டிருமா?"

"இருக்கட்டும் மேடம். பாவம், அவசரம்னாங்க."

எல்லோருக்கும் அவசரம்தான். இவளுக்கு மட்டும்தான் அவசரமே கிடையாது.

நான் இசைவாணி. விலங்கியல் துறையில் பாடம் எடுக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கிறது என்று மாணவர்கள் பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை. குளத்தூரைத் தாண்டித் தைலமரக் காட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் கல்லூரி. பிளெஸ்ஸிக்குக் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா குழந்தைசாமி கடலையும் உளுந்தும் போடுகிறவர். அம்மா அழகி. அண்ணன் பிராங்க்ளின் துபாயில் ஏசி மெக்கானிக். புதுக்கோட்டையில் டிகிரியும் திருச்சியில் எம்.எஸ்சி.யும் முடித்துவிட்டு, எங்கள் துறைக்கு டெக்னீஷியனாக வந்தாள். வந்த காரணம் ஒரு மைக்ரோஸ்கோப்.

எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஜெர்மனியில் இருக்கிறார். அவருடைய ஆய்வகத்தில் புது மைக்ரோஸ்கோப் வாங்கியபோது, பழையதைக் கப்பலில் ஏற்றி எங்களுக்கு அனுப்பிவைத்தார். பழையது என்றாலும் ராஜா வீட்டுப் பழையது. உயிரோடு இருக்கிற செல்லை அதில் பார்க்கலாம். பச்சையாக ஒளிரக்கூடிய ஒரு புரதத்தைச் செல்லின் உட்கருவில் முதலிலேயே சேர்த்துவைப்போம். நீல வெளிச்சத்தை அடித்தால் அந்த உட்கரு மட்டும் கும்மிருட்டில் பச்சைப் பசேலென்று மின்னும். முதல் தடவை பார்த்தபோது நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவ்வளவு அழகு அது.

ஆனால் அதில் ஒரு வம்பு உண்டு. எந்த வெளிச்சம் அந்தப் பச்சையை மின்ன வைக்கிறதோ அதே வெளிச்சம்தான் அதைத் தின்னவும் செய்யும். பார்க்கப் பார்க்க மங்கும். ஒருமுறை அணைந்த பச்சை அணைந்ததுதான். வெளிச்சம் அதிகமானால் செல்லுக்கும் உடம்புக்கு ஆகாது, சுருண்டு செத்துப்போகும். பாத்திரத்தில் இருக்கிற எல்லாச் செல்லும் ஒளிர்வதில்லை, அங்கங்கே சில கூட்டம்தான் பச்சையை ஏற்றுக்கொள்ளும். ஆகவே இருக்கிற பச்சையைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

சிக்கனம் எங்கே இருந்தது? எங்கள் பக்கம் ஒரு வீட்டில் புது ஃபிரிட்ஜ் வாங்கினால், தெருவே வந்து கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகும். ஆகாது என்று சொன்னால் அடுத்த விசேஷத்துக்கு ஆள் வராது. மைக்ரோஸ்கோப்புக்கும் அதே கதைதான். கரஸ்பாண்டன்ட்டைப் பார்க்க யார் வந்தாலும், காபி கொடுத்த கையோடு எங்கள் ஆய்வகத்துக்குக் கூட்டிவந்துவிடுவார். கல்லூரி பஸ் ஓட்டுகிற செல்லமுத்து தன் மாமியாரைக் கூட்டிவந்தார். ஆபீஸ் சூப்பரண்ட் ஆண்டியப்பன் சார் தன் மச்சினனை, மச்சினன் முதலாளியை, முதலாளி வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்.

"வாங்க வாங்க, இங்கிட்டு ஒக்காருங்க. இந்தக் கண்ணு, அந்தக் கண்ணு, ரெண்டையும் இதுல வைங்க. தெரியுதா?" என்று பிளெஸ்ஸி ஒவ்வொருவருக்கும் காட்டுவாள். தெரியவில்லை என்றால் வெளிச்சத்தைக் கூட்டுவாள். முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. வந்தவர்கள் சந்தோஷமாகப் போவார்கள். பாத்திரத்தில் இருந்த பச்சையெல்லாம் அவர்களோடு போய்விடும்.

இப்படியே போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் டிரஸ்டுக்குத் திருச்சியில் இன்னொரு கல்லூரி இருக்கிறது. அவர்களுக்கு இந்த மைக்ரோஸ்கோப்மேல் முதல் நாளிலிருந்தே ஒரு கண். "குளத்தூர்ல அது சும்மாதான் கெடக்கு, உருப்படியா ஒரு படம் வந்திருக்கா?" என்று மீட்டிங்கில் கேட்டுவிட்டார்கள்.  கரஸ்பாண்டன்ட் கறுத்த முகத்தோடு திரும்பி வந்து எங்களைக் கூப்பிட்டார்.

"ஒரு செல்லு ரெண்டாப் பிரியுறதை ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் படம் புடிச்சுக் குடுங்க. மாசக் கடைசிக்குள்ள குடுத்தா மிஷின் இங்க. இல்லைன்னா லாரி வரும், ஏத்தி விட்டுருங்க. எனக்கு வேற வழி தெரியல."

மைக்ரோஸ்கோப் போனால் அதற்காக வைத்த டெக்னீஷியன் வேலையும் போய்விடும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே பிளெஸ்ஸிக்குப் புரிந்தது.  அவள் இல்லாத ஆய்வகத்தில் நான் யாரைத் திட்டுவேன்?

முதல் படம் எடுத்தோம். செல் உருண்டு திரண்டு, உட்கருவுக்குள் இருக்கிற இழைகளெல்லாம் நடுவில் வந்து வரிசை கட்டி நின்றன. இனிப் பிரிய வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பச்சை மங்கி மங்கி, திரை கறுப்பாகிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கரஸ்பாண்டன்ட் வந்து பார்த்தார். "இருட்டா இருக்குன்னா வெளிச்சத்தைக் கூட்ட வேண்டியதுதானே? இதுக்கா எம்.எஸ்சி. படிச்சீங்க?" என்றார்.

பிளெஸ்ஸிக்குத் தெரியும், கூட்டக்கூடாது என்று. எனக்கும் தெரியும். ஆனால் பெரியவர் முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது என்று கூட்டிவிட்டாள். அடுத்த படம் பாதிகூடப் போகவில்லை. பச்சை இன்னும் சீக்கிரம் அணைந்தது. மறுபடி சாதாரண விளக்கைப் போட்டுப் பார்த்தால், செல் எல்லாம் சுருங்கி உருண்டை உருண்டையாக மிதந்துகொண்டிருந்தன.

"செத்துருச்சு மேடம். நாந்தான் கொன்னுட்டேன்" என்று தேம்பினாள்.

"நீ கொல்லல. ஒன் நல்ல மனசுதான் கொன்னுச்சு" என்று நான் கத்தினேன். "ஊருக்கெல்லாம் நல்லவளா இருந்தா இப்படித்தான். போ, போய் மொகத்தைக் கழுவிட்டு வா!"

கழுவிக்கொண்டு வந்தாள்.  கம்ப்யூட்டரில் எதையோ படித்தாள். வீணாய்ப்போன பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு இடத்தில் வெளிச்சத்தை அடித்துப் பார்ப்பதும், கொஞ்சம் தள்ளி அடித்துப் பார்ப்பதுமாக இருந்தாள். மறுநாளும் அப்படியே. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட நான்தான் சத்தம் போட வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம் அவளாகவே வந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"மேடம், படம் எடுக்க ஆகுற வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம். மிச்சமெல்லாம் நம்ம பாக்குறதுக்கே போயிருது."

"என்னடி சொல்ற?"

"செல்லைத் தேடுறதுக்கு நீல வெளிச்சம். ஃபோகஸ் பண்ண நீல வெளிச்சம். நல்லா இருக்கான்னு பாக்க, இன்னொரு தடவ பாக்க, நீங்க பாக்க, வந்தவுங்க பாக்க, எல்லாத்துக்கும் அதேதான். கேமரா படம் எடுக்குறதுக்கு முன்னாடியே பாதிப் பச்சையை நம்மளே தின்னுடுறோம்."

உட்கார்ந்து யோசித்தால், அட, ஆமாம்! இத்தனை வருஷம் பாடம் நடத்துகிறேன், கணக்கு இவ்வளவு எளிது என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அந்த ஆய்வகத்தில் நடந்தது கெடுபிடி ஆட்சி. செல்லைத் தேடுவது சாதாரண விளக்கில் மட்டும். நீல வெளிச்சத்தில் பச்சை இருக்கிறதா, ஃபோகஸ் சரியா என்று பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துச் செல்லில் பார்க்க வேண்டும். படம் எடுக்கப்போகிற செல்லின்மேல் நீலம் படவே கூடாது. கேமரா கண் திறக்கிற அந்தச் சொடுக்கு நேரம் மட்டும் ஷட்டர் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கும்மிருட்டு. நீல விளக்கையும் ஆகக் குறைவாக வைத்துவிட்டாள். செல்லுக்கு ஊற்றுகிற ரோஸ் நிறத் திரவத்தில் இருக்கிற ஒரு வைட்டமினே பச்சையைச் சீக்கிரம் மங்கவைக்கிறது என்று படித்துவிட்டு, படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் அந்த வைட்டமின் இல்லாத, நிறமில்லாத திரவத்தை வரவழைத்து ஊற்றினாள்.

சோதனைப் படம் வந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

"என்னடி இது, மணலை அள்ளித் தூவுன மாதிரி சொரசொரன்னு இருக்கு? போன தடவ எவ்வளவு பளிச்சுன்னு இருந்துச்சு!"

"பளிச்சுன்னு இருந்தது பாதியிலேயே செத்துப்போச்சுல்ல மேடம். இது மண்ணு மாதிரிதான் இருக்கு, ஆனா கடைசி வரைக்கும் இருக்கு. இழை தெரியுதா?"

"தெரியுது."

"அது போதும்."

அந்தப் 'போதும்' எனக்குப் புதிதாக இருந்தது. பிளெஸ்ஸி இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசி நான் கேட்டதில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தொல்லை. மனிதர்கள். ஐ-பீஸ் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தாலே போச்சு. விளக்கை முழுசாக ஏற்ற வேண்டும், கேமராவுக்குப் போகிற வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்ப வேண்டும். கதவைத் திறந்தாலே அறையின் சூடு மாறி ஃபோகஸ் நழுவும். "யாரும் வரக்கூடாதுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றேன் நான். "ஐயோ, நீங்க சொன்னா சண்டையாயிரும் மேடம்" என்று பயந்தாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஹாஸ்டலில் சும்மா கிடந்த டிவியைக் கேட்டு வாங்கி, வராந்தாவில் பெஞ்சுகளுக்கு எதிரே மாட்டினாள். உள்ளே கேமரா எடுக்கிற ஒவ்வொரு படமும் வெளியே டிவியில் வந்து நிற்கும். எடுத்த படத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும், எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். செல்லுக்குத் தெரியவே தெரியாது.

படம் எடுக்கிற நாள் வந்தது. காலையில் பாத்திரத்தை எடுத்துவைக்கும்போது, அதன் அடியில் ஒரு ஓரமாக மார்க்கரால் சின்ன வட்டம் போட்டிருந்ததைப் பார்த்தேன்.

"இது என்ன?"

"அந்தப் பக்கம் போகாதீங்க மேடம். அது இருக்கட்டும்."

எதற்கு என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள். ஏதோ ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரியத் தயாராக உருண்டு நின்ற ஒரு செல்லைச் சாதாரண விளக்கில் பார்த்துப் பிடித்தாள். படம் ஓட ஆரம்பித்தது. விஷயம் தெரிந்து வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். சித்தன்னவாசலில் ஓவியத்துக்கு முன்னால் ஃபிளாஷ் அடிக்க வருகிறவனை வாட்ச்மேன் பார்க்கிற மாதிரி எல்லோரையும் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் குழந்தைசாமி அண்ணன் வந்தார். பிளெஸ்ஸியின் அப்பா. வெள்ளை வேட்டி, சட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு தூக்குவாளி.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டார். அதிலிருந்து மனுஷன் உலகத்தையே புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரில் அடித்திருந்தது மஞ்சள் இல்லை, சந்தன நிறம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம். கட்டுப் பிரித்த அன்று மனைவியைப் பார்த்து, "அழகி, நீ இம்புட்டுச் செவப்பா?" என்று கேட்டாராம். அந்த அம்மா வெட்கத்தில் அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை என்று பிளெஸ்ஸி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இருந்ததையெல்லாம் பார்த்து முடித்துவிட்டார். பாக்கி இருந்தது ஒன்று. தினமும் மகள் எதையோ பார்க்கிறாளே, அதைப் பார்க்க வேண்டும். கண் நன்றாகத் தெளியட்டும் என்று நாள் தள்ளி, சரியாக அன்றைக்குப் பார்த்துக் கிளம்பி வந்திருக்கிறார்.

"யாத்தா பிளெஸ்ஸி, அப்பா வந்துட்டேன். எங்கிட்டு நின்னு பாக்கணும்?"

குரல் கேட்டு, பிளெஸ்ஸி கதவுக்குப் பின்னாலேயே வந்து நின்றாள். கதவின் நடுவில் கண்ணாடி பதித்திருக்கும். அதன் வழியாக அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா... இன்னைக்கு உள்ள வரக்கூடாதுப்பா."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "நா ஓரமா நின்னுக்கிறேன். ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்."

"இல்லப்பா. முடியாது."

எத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்லி அவளை நான் வறுத்தெடுத்திருக்கிறேன்! போயும் போயும் முதல் தடவையாக அதைப் பெற்ற அப்பனிடமா சொல்ல வேண்டும்?  விட்டுத் தொலைடி, ஒரு தடவைதானே என்று எனக்கே வாய் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

குழந்தைசாமி அண்ணனின் சிரிப்பு மெல்ல மறைந்தது. "சரித்தா. ஒன் வேலையப் பாரு" என்றார். போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிவி நம்ம வீட்டுலயே இருக்கே டீச்சர்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

 நான் திரும்பிக் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். பிளெஸ்ஸி கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

செல் அசைவேனா என்றது. படம் மாறி மாறி வருகிறது, எல்லாம் ஒரே மாதிரி. இழைகள் நடுவில் வந்து வரிசை கட்டிவிட்டு அப்படியே நிற்கின்றன.

"என்னங்க மேடம், டெஸ்ட் மேட்ச்சா?" என்றார் செல்லமுத்து.

"வாய மூடிட்டு உக்காருங்க."

குழந்தைசாமி அண்ணன் தூக்கைத் திறந்தார். அவித்த கடலை. மகளுக்குக் கொண்டுவந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். தூக்கு வரிசையாகக் கை மாறி வந்தது. தோல் உரிக்கிற சத்தம் வராந்தா முழுக்க.

அப்போது கரஸ்பாண்டன்ட் வந்தார். நேராக என்னிடம் வந்து, "கதவைத் திறங்கம்மா, ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

"முடியாதுங்க சார்."

"நான் கரஸ்பாண்டன்ட்மா."

சண்டைக்கு நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயா, பெத்த அப்பனையே உள்ள விடல. ஒங்கள விட்டா எனக்குக் கோவம் வந்துரும். இங்கிட்டு வந்து ஒக்காருங்க, கடலை சாப்புடுங்க."

வராந்தாவே குபீரென்று சிரித்தது. கரஸ்பாண்டன்ட்டுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யார் என்று ஆண்டியப்பன் சார் காதில் சொன்னதும், அவரும் சிரித்துவிட்டார். போய்க் குழந்தைசாமி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கடலையை வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம்தான் டிவியில் அடுத்த படம் வந்தது. வரிசை கட்டி நின்ற இழைகள் நடுவில் ஒரு நூலளவு விலகியிருந்தன.

"ஏய், பிரியுது பிரியுது!" என்று செல்லமுத்து எழுந்து நின்றார். அடுத்த படத்தில் இடைவெளி விரல் அகலம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "மறைக்காதீங்கப்பா, ஒக்காருங்க" என்று பின்னாலிருந்து சத்தம். அடுத்த படம், அதற்கடுத்த படம். பச்சை மங்கவே இல்லை. சொரசொரப்பாக, மணல் தூவினது போல, ஆனால் அப்படியே இருந்தது. இழைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கிச் சுருண்டன. நடுவில் செல்லின் இடுப்பு ஒடுங்கியது. கடைசியில் இரண்டு. அச்சாக ஒன்றுபோல இரண்டு!

வராந்தாவில் விசில் பறந்தது. பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். நான் அழுதுகொண்டே கைதட்டினேன், வெட்கமாவது ஒன்றாவது. கரஸ்பாண்டன்ட் போனை எடுத்துக்கொண்டு போய்த் திருச்சிக்குப் பேசினார். "லாரியெல்லாம் வேணாம்யா. மிஷினும் இங்கதான், அந்தப் பொண்ணும் இங்கதான். படத்தை அனுப்புறேன், பாத்துட்டுப் பேசு" என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவரும் கத்தினார்.

கதவு திறந்தது. பிளெஸ்ஸி வெளியே வந்தாள். படத்தை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"இப்ப எல்லாரும் வாங்க. வேலை முடிஞ்சிருச்சு. இனிமே எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க!"

விளக்கை முழுசாக ஏற்றினாள். இத்தனை நாள் கஞ்சப் பிசினாறியாக இருந்தவள், பழையபடி வாரி வழங்க ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொருவராகப் போய் அந்த இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். கரஸ்பாண்டன்ட் ஐ-பீஸிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டேன் என்றார்.

குழந்தைசாமி அண்ணன் வரிசையில் நிற்கவில்லை. வாசலில் நின்று, "நீங்க போங்க, நீங்க மொதல்ல பாருங்க" என்று வந்தவர்களையெல்லாம் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க போங்கண்ணே முன்னாடி" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பொண்ணு வீட்டுக்காரன் மொத பந்தியில ஒக்காந்தா நல்லாவா இருக்கும் டீச்சர்? எல்லாரும் பாக்கட்டும்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எல்லோரும் பார்த்து முடித்தார்கள். கடைசியாக அவர் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. இத்தனை பேர் பார்த்த பிறகு அதில் என்ன மிச்சம் இருக்கும்?

அவர் நிமிர்ந்தார். ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணுந் தெரியலையே ஆத்தா. இருட்டா இருக்கு. கண்ணு மறுபடி போச்சோ?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. இருங்க."

ஷட்டரை மூடினாள். பாத்திரத்தை மெல்ல நகர்த்தினாள், ஓரத்துக்கு. காலையில் நான் பார்த்த அந்தச் சின்ன வட்டத்துக்கு. அந்த இடத்தில் நாள் முழுக்க நீல வெளிச்சம் ஒரு துளிகூடப் பட்டிருக்கவில்லை. அப்பா இன்றைக்கு வருவார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே விட முடியாது என்பதும் தெரிந்திருக்கிறது. கடைசியில்தான் பார்க்க வருவார் என்பதும் தெரிந்திருக்கிறது. பெற்ற அப்பனை அவளுக்குத் தெரியாதா?

"இப்பப் பாருங்க" என்று ஷட்டரைத் திறந்தாள்.

அவர் குனிந்தார். அப்படியே உறைந்துபோனார். முதுகு மட்டும் மூச்சில் ஏறி இறங்கியது.

"யாத்தே... இம்புட்டுப் பச்சையா! மழைக்கு மறுநாள் மொளைச்சு வந்த மாதிரில்ல இருக்கு! உசுரோடயா ஆத்தா இருக்கு?"

"உசுரோடதான்பா."

"இதையா நீ தெனமும் பாக்குற?"

"தெனமும் பாக்க முடியாதுப்பா. பாத்தா தீந்துரும். அதான் ஒங்களுக்குன்னு எடுத்துவச்சேன்."

இத்தனை நாள் பழக்கம், என் கை தன்னால் ஷட்டரை மூடப் போனது. "மூடுடி, மங்குது" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மங்கட்டும் மேடம்."

விட்டுவிட்டேன்.  மெஷினின் விசிறி ஓடுகிற சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்.

"மங்குது ஆத்தா."

"ஆமாப்பா. கண்ணு இல்ல, பச்சைதான் மங்குது."

"அது தெரியும். இரு, மூடிராத. இன்னுங் கொஞ்சம் தெரியுது."